யூரெயில் பாஸ்: 5 நாளா, 7 நாளா, வேண்டவே வேண்டாமா?

3 பிப்ரவரி 2025 (கேள்வி, கோயம்புத்தூரிலிருந்து)

மே மாதம் 16 நாள் பயணம். நான், மனைவி, 13 வயது மகள், 10 வயது மகன். பாரிஸில் இறங்கி சூரிச், லுசெர்ன், இன்டர்லாக்கன், வெனிஸ், வியன்னா, பிராக் வழியாக பெர்லினில் விமானம் ஏறுகிறோம். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரெயில் பாஸை 15 நாள் தொடர் வகையில் வாங்கினால் எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம், வேறு செலவே இல்லை என்று டிராவல்ஸ்காரர் சொல்கிறார். சரியா?

4 பிப்ரவரி 2025

இரண்டுமே தவறு. 15 நாளும் உங்களுக்கு வேண்டாம், "வேறு செலவே இல்லை" என்பதும் உண்மை இல்லை.

பாஸ் என்பது ரயில் கட்டணம் மட்டும்தான். இருக்கை அதில் அடங்காது. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃபிரெச்சாரோஸா, ஸ்பெயினின் ஆவே, லண்டன் போகும் யூரோஸ்டார் ஆகிய அதிவேக ரயில்கள், எல்லா இரவு ரயில்கள்: இவற்றில் பாஸ் இருந்தாலும் தனியாக ரிசர்வேஷன் எடுத்தே ஆக வேண்டும். ஜெர்மனிக்குள் ஐசிஇ, ஆஸ்திரியாவுக்குள் ரெயில்ஜெட், சுவிட்சர்லாந்தின் உள்நாட்டு ரயில்கள் ஆகியவற்றில் பாஸைக் காட்டி நேராக ஏறி உட்காரலாம். பாஸ் லாபமா நட்டமா என்பது எந்த எல்லையை எந்த ரயிலில் கடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

உங்கள் பயணத்தில் ரயில் ஏறும் நாள்கள் ஆறுதான்:

பாரிஸ் – சூரிச்
சூரிச் – லுசெர்ன் – இன்டர்லாக்கன்
இன்டர்லாக்கன் – மிலான் – வெனிஸ்
வெனிஸ் – வியன்னா
வியன்னா – பிராக்
பிராக் – பெர்லின்

ஆறு நாளுக்கு எதற்குப் பதினைந்து? தொடர் பாஸ் தினமும் ரயில் ஏறுபவர்களுக்கு. உங்களுக்கு ஒரு மாதத்துக்குள் 5 நாள் அல்லது 7 நாள் என்று எண்ணிச் செலவழிக்கும் ஃபிளெக்ஸி வகை போதும்.

4 பிப்ரவரி 2025, இரவு

பிள்ளைகளைப் பற்றி எழுத விட்டுப்போயிற்று. யூரெயிலில் 4 முதல் 11 வயது வரை இலவசம், ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள் வரை. 12 முதல் 27 வரை இளைஞர் பாஸ், ஏறக்குறைய கால்பங்கு தள்ளுபடி. பாஸ் தொடங்கும் தேதியில் என்ன வயதோ அதுதான் கணக்கு. எனவே மகளுக்கு இளைஞர் பாஸ், மகனுக்கு இலவசக் குழந்தை பாஸ்.

இலவசம் என்பதால் மகனுக்கு எதுவும் வாங்க வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பாஸ் வாங்கும் அதே ஆர்டரிலேயே அவனுடைய பாஸையும் சேர்க்க வேண்டும். ரிசர்வேஷன் கட்டாயமான ரயிலில் அவனுக்கும் இருக்கைக் கட்டணம் உண்டு. பலருடைய பட்ஜெட் இங்கேதான் இடிக்கும். நால்வர் குடும்பம் என்றால் ரிசர்வேஷன் செலவை எப்போதும் நான்கால் பெருக்குங்கள், பாஸ் செலவு மட்டும்தான் இரண்டேமுக்கால்.

6 பிப்ரவரி 2025

இப்போது கணக்கு. விலை அவ்வப்போது மாறும், தள்ளுபடிக் காலமும் வரும். ஆகவே கணக்கு பழக மட்டும் இரண்டாம் வகுப்புப் பெரியவருக்கு 5 நாள் 320 யூரோ, 7 நாள் 380, 10 நாள் 450 என்று வைத்துக்கொள்வோம்.

7 நாள் பாஸில் ஒரு நாளின் விலை 54 யூரோ. வியன்னா – பிராக் நாலு மணி நேரம். அந்தத் தடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியில் ஓடுகின்றன, முன்கூட்டி எடுத்தால் 20 யூரோவுக்குள் டிக்கெட் கிடைப்பது உண்டு. 20 யூரோ பயணத்துக்கு 54 யூரோ நாளைச் செலவழிப்பது வீண். எனவே 5 நாள் பாஸ், வியன்னா – பிராக் மட்டும் தனி டிக்கெட்.

7 பிப்ரவரி 2025

நேற்று எழுதிய கணக்கில் பிழை. சராசரியைப் பார்த்தது தவறு.

5 நாளிலிருந்து 7 நாளுக்குப் போக எவ்வளவு கூடுகிறது? 60 யூரோ. ஆக, கூடுதலாக வரும் ஒவ்வொரு நாளும் 30 யூரோதான், 54 இல்லை. 7லிருந்து 10க்குப் போனால் கூடுதல் நாள் 23 யூரோ மட்டுமே. முதல் சில நாள்கள்தான் விலை அதிகம், பின்னால் வரும் நாள்கள் மலிவு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "ஒரு நாள் சராசரி என்ன" என்பது அல்ல, "கடைசியாகச் சேர்க்கும் இந்த இரண்டு நாளில் 60 யூரோவுக்கு மேல் ரயில் ஏறுவேனா" என்பது.

உங்கள் விஷயத்தில் ஆறாவது நாள் வியன்னா – பிராக். ஏழாவது நாளுக்கு ஒன்றுமே இல்லை என்றால், 60 யூரோ கொடுத்து 20 யூரோ டிக்கெட்டை மிச்சம் பிடிப்பதாக ஆகிவிடும். விடை பழையதுதான்: 5 நாள். ஆனால் இன்டர்லாக்கனிலிருந்து ஒரு முழு நாள் பெர்னுக்கோ சூரிச் பக்கமோ போய்வரப் போகிறீர்கள் என்றால் ஏழாவது நாளுக்கு வேலை வந்துவிடும். சுவிஸ் டிக்கெட் விலைக்கு அந்த ஒரு நாளிலேயே 60 யூரோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

7 பிப்ரவரி 2025 (கேள்வி, சூரிச்சிலிருந்து)

அண்ணை, நான் சூரிச்சில இருக்கிறன். சென்னையில இருந்து மச்சாள் குடும்பம் வருகினம், எல்லாரும் சேர்ந்து வியன்னா போறம். நான் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான் வச்சிருக்கிறன். எனக்கும் யூரெயிலோ?

7 பிப்ரவரி 2025

இல்லைத் தம்பி. உங்களுக்கு இன்டர்ரெயில், மச்சாளுக்கு யூரெயில். பாஸ்போர்ட் எந்த நாடு என்பதை விட எங்கே வசிக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. ஐரோப்பாவில் சட்டப்படி வசிப்பவர் இன்டர்ரெயில் வாங்க வேண்டும், உங்கள் வசிப்புரிமை அட்டையே ஆதாரம். இரண்டையும் நெதர்லாந்தின் உட்ரெக்டில் இருக்கும் ஒரே நிறுவனம்தான் நடத்துகிறது. யூரெயில் 1959இல் வந்தது, இன்டர்ரெயில் 1972இல். 33 நாடுகள், ஒரே ஆப்.

பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இன்டர்ரெயிலில் சொந்த நாட்டுக்குள் பாஸை நினைத்தபடி பயன்படுத்த முடியாது. நாட்டை விட்டு வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான். நீங்கள் சூரிச்சில் ஏறி எல்லை தாண்டுவது அந்த ஒரு நாள். மச்சாளோடு லுசெர்ன் சுற்றுவதற்கு அந்தப் பாஸ் உதவாது, அவருடைய யூரெயிலுக்கு இந்தத் தடை இல்லை. சுவிஸுக்குள் அரைக்கட்டண அட்டை வைத்திருப்பீர்களே, அதையே பயன்படுத்துங்கள்.

10 பிப்ரவரி 2025

பாரிஸ் – சூரிச். நேர் ரயில் டிஜிவி லிரியா, கார் து லியோன் நிலையத்திலிருந்து சுமார் நாலு மணி நேரம். ரிசர்வேஷன் கட்டாயம். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் கொஞ்சம்தான், மே மாதத்தில் அவை முதலில் தீரும். ரயிலில் இடம் இருக்கும், டிக்கெட் விற்பனையும் நடக்கும். பாஸ் ஒதுக்கீடு மட்டும் தீர்ந்திருக்கும். "ரயிலில் இடம் இருக்கிறதே, ஏன் தர மறுக்கிறார்கள்" என்று பலர் குழம்புவது இதனால்தான்.

மாற்று வழி: பாரிஸ் கார் து லெஸ்ட் நிலையத்திலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் வரை உள்நாட்டு டிஜிவி, 1 மணி 46 நிமிடம். பாஸ்காரருக்கு ரிசர்வேஷன் 10 அல்லது 20 யூரோ. அங்கிருந்து பாசெல் வரை டிஇஆர் என்னும் வட்டார ரயில், ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம், ரிசர்வேஷன் கிடையாது. பாசெலில் மாறி சூரிச், ஒரு மணி நேரத்துக்குள், அதற்கும் ரிசர்வேஷன் இல்லை. மூன்று ரயிலும் ஒரே பயண நாளுக்குள் அடங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடும், ஆனால் இருக்கைக் கட்டணம் குறையும், ஒதுக்கீட்டுத் தலைவலியும் பெருமளவு தீரும்.

நிலையத்தைக் கவனியுங்கள். லியோன் நிலையமும் லெஸ்ட் நிலையமும் வேறு வேறு இடம். இடையில் ஓடும் மெட்ரோவில் பாஸ் செல்லாது.

இதுதான் எல்லா எல்லைகளுக்கும் பொது உத்தி: எல்லை தாண்டும் அதிவேக ரயிலை விட்டுவிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் வரை ஒரு ரயில், அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று.

11 பிப்ரவரி 2025

அதே உத்தி இன்டர்லாக்கன் – மிலானுக்கும். ஷ்பீட்ஸிலிருந்து மிலானுக்கு நேர் யூரோசிட்டி ரயில் உண்டு. அதில் எல்லை தாண்டுபவர்களுக்கு ரிசர்வேஷன் கட்டாயம். வேண்டாம் என்றால்: இன்டர்லாக்கன் ஓஸ்ட் – ஷ்பீட்ஸ் – பிரிக் – டோமோடோசோலா வரை சுவிஸ் ரயில்கள். டோமோடோசோலா இத்தாலிக்குள் இருக்கிறது, ஆனால் சுவிஸ் ரயில்கள் அங்குவரை ஓடுகின்றன. அங்கே இறங்கி மிலான் சென்ட்ராலேவுக்கு வட்டார ரயில்.

ஷ்பீட்ஸ் – பிரிக் இடையே இரண்டு பாதைகள். வேக ரயில்கள் 2007இல் திறந்த 34.6 கிலோமீட்டர் அடித்தளச் சுரங்கத்தில் போகும், வெளியே ஒன்றும் தெரியாது. பழைய மலைப்பாதை ரயில் கண்டர்ஷ்டேக் வழியாக ஏறி இறங்கும், காட்சிக்கு அதுதான். அவசரம் இல்லையென்றால் பிள்ளைகளுக்கு மலைப்பாதையைக் காட்டுங்கள். அதற்குத் தனி டிக்கெட்டும் இல்லை, ரிசர்வேஷனும் இல்லை.

மிலான் – வெனிஸ் ஃபிரெச்சாரோஸாவில் இரண்டரை மணி நேரத்துக்குள், ரிசர்வேஷன் ஆளுக்கு 10 யூரோவுக்கு மேல். வெரோனாவில் மாறிப் போகும் வட்டார ரயில்களில் ரிசர்வேஷன் இல்லை, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கூடும். இத்தாலோ என்னும் தனியார் ரயிலில் பாஸ் செல்லாது. நிறம் வேறு, நிலையம் ஒன்றே, அவசரத்தில் தவறி ஏறினால் அபராதத்தோடு முழுக் கட்டணம். பிரான்ஸில் விகோவும் ஜெர்மனியில் ஃபிளிக்ஸ்டிரெயினும் இதே கதை.

11 பிப்ரவரி 2025, பின்னிரவு

ஒரு வேண்டுகோள். இன்டர்லாக்கனிலிருந்து வெனிஸ் வரை ஒரே நாளில் போவதானால் காலை 8 மணிக்குள் கிளம்புங்கள். டோமோடோசோலாவிலும் மிலானிலும் குறைந்தது 40 நிமிட இடைவெளி வையுங்கள். வட்டார ரயில் தாமதமானால் பாஸுக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த ரயிலில் ஏறலாம். ஆனால் மிலானில் காத்திருக்கும் ஃபிரெச்சாரோஸா ரிசர்வேஷன் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான், தவறினால் போனது போனதுதான். அந்த ரிசர்வேஷனை முன்பே வாங்காதீர்கள். மிலான் நிலைய இயந்திரத்திலோ கவுண்டரிலோ வந்து சேர்ந்த பிறகு வாங்கலாம், இந்தத் தடத்தில் ரயில்கள் அடிக்கடி உண்டு.

14 பிப்ரவரி 2025

வெனிஸ் – வியன்னா. பகல் ரெயில்ஜெட் ஏழரை மணி நேரத்துக்கு மேல். இரவில் நைட்ஜெட் என்னும் படுக்கை ரயில் இருக்கிறது. நால்வர் என்பதால் நாலு படுக்கைக் கூபேயை முழுவதும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம், வெளியார் யாரும் இல்லாமல் பிள்ளைகளோடு உறங்கலாம். ஓட்டல் ஒரு இரவு மிச்சம். படுக்கைக்கான கூடுதல் கட்டணத்தை அந்த ஓட்டல் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பாஸோடு அல்ல.

பயண நாள் என்பது நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி அதே தேதியில் இரவு 11:59 வரை. இரவு ரயில் நள்ளிரவுக்கு முன் கிளம்பினால் கிளம்பும் நாள் மட்டுமே கழியும். விடிந்து வியன்னாவில் இறங்குவதற்கு இன்னொரு நாள் கழியாது. ஆனால் இறங்கிய பின் அதே பாஸில் வேறு ரயில் ஏறினால் புது நாள் ஒன்று கழிந்துவிடும். வியன்னாவில் இறங்கி எஸ்-பான் என்னும் நகர ரயிலில் இரண்டு நிலையம் போவதற்காக ஒரு பயண நாளை இழக்காதீர்கள். அதற்கு நகர டிக்கெட் வாங்குங்கள்.

பழைய வழிகாட்டிப் புத்தகங்களில் "மாலை 7 மணிக்கு மேல் கிளம்பினால் மறுநாள் கணக்கு" என்று இருக்கும். அந்த விதி இப்போது இல்லை.

15 பிப்ரவரி 2025

ஆப் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். பெயர் ரெயில் பிளானர். வரிசை இதுதான்:

முதலில் பாஸ் எண்ணும் குடும்பப் பெயரும் கொடுத்து பாஸைச் சேர்க்க வேண்டும். ஒரே போனில் நால்வரின் பாஸையும் வைக்கலாம். பிறகு தொடங்கும் தேதி கொடுத்து ஆக்டிவேட் செய்ய வேண்டும், வாங்கியதிலிருந்து 11 மாதத்துக்குள். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம் ஊர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள், பாஸ் வாங்கும்போது கொடுத்த எழுத்துகளை அப்படியே ஒரு தாளில் குறித்து வையுங்கள், ஆப் அதையேதான் கேட்கும்.

அடுத்து அன்றைய ரயிலைத் தேடி பயணத்தில் சேர்த்து, பாஸோடு இணைக்கும் பொத்தானைத் தள்ள வேண்டும். அப்போதுதான் பயண நாள் உருவாகும், கியூஆர் குறி வரும். ஏறுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். சேர்க்காமல் ஏறி டிடிஆர் வந்த பிறகு தடவினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான்.

உருவாக்கிய பயண நாளை ரத்து செய்ய முந்தைய நாள் நள்ளிரவு வரை நேரம் உண்டு, மத்திய ஐரோப்பிய நேரப்படி. காலையில் மழை என்று மனம் மாறினால் அந்த நாள் போய்விடும். எனவே இரவிலேயே இணைத்து வைக்காதீர்கள், நிலையத்துக்கு வந்து ரயிலைப் பார்த்த பிறகு இணையுங்கள். இணையம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. நிலையத்தில் வைஃபை கிடைக்கும் என்று நம்பாமல் ஒரு ஈசிம் வாங்கிவிடுங்கள்.

19 பிப்ரவரி 2025

சுவிட்சர்லாந்து பற்றி எனக்கு மறுயோசனை வந்திருக்கிறது.

யூரெயில் அங்கே ரயிலுக்கு நன்றாக வேலை செய்யும். லுசெர்ன் – இன்டர்லாக்கன் ரயிலும் அதில் அடங்கும், இரண்டு மணி நேரம், ரிசர்வேஷன் கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் அங்கே நான்கு நாள் தங்குகிறீர்கள். நகர டிராம், பஸ், படகு, மலை ரயில் என்று தினமும் ஏறுவீர்கள். அவற்றுக்குப் பொருத்தமானது சுவிஸ் டிராவல் பாஸ்: 3, 4, 6, 8, 15 நாள் வகைகள், ரயிலோடு பஸ், படகு, நகரப் போக்குவரத்து, நூற்றுக்கணக்கான அருங்காட்சியகங்களும் சேரும். யுங்ஃபிராவ்யோக் போன்ற உச்சிகளுக்கு இதிலும் தள்ளுபடிதான், முழு இலவசம் இல்லை.

முக்கியமானது வயது. யூரெயிலில் 13 வயது மகள் இளைஞர், காசு கட்ட வேண்டும். சுவிஸில் 15 வயது முடிய குழந்தை. பெற்றோரிடம் சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் சுவிஸ் ஃபேமிலி கார்டு இலவசமாகக் கேட்டு வாங்கலாம், இரண்டு பிள்ளைகளும் இலவசம். கேட்காவிட்டால் கொடுக்க மாட்டார்கள், வாங்கும்போதே சேருங்கள்.

அது டோமோடோசோலா வரை செல்லும் என்பது இன்னும் நல்லது. அங்கிருந்து மிலானுக்கு இத்தாலிய வட்டார டிக்கெட், நிலையான விலை, முன்பதிவால் மலிவதும் இல்லை, கடைசி நிமிடத்தில் ஏறுவதும் இல்லை.

ஆக இரண்டாவது திட்டம்: பாரிஸ் – சூரிச் முன்பதிவு டிக்கெட். சுவிஸில் 4 நாள் சுவிஸ் டிராவல் பாஸ். மிலான் – வெனிஸ், வெனிஸ் – வியன்னா, வியன்னா – பிராக், பிராக் – பெர்லின் எல்லாம் தனித்தனி முன்பதிவு டிக்கெட். யூரெயிலே கிடையாது.

20 பிப்ரவரி 2025

"அப்படியானால் எதற்கு இவ்வளவு நாள் யூரெயில் பற்றி எழுதினீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம். இரண்டு திட்டத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இடது பக்கம்: பாஸ் விலை (2 பெரியவர், 1 இளைஞர்), ஒவ்வொரு ரிசர்வேஷனும் நான்கால் பெருக்கி, சுவிஸ் பஸ் படகுச் செலவு. வலது பக்கம்: ஒவ்வொரு தடத்துக்கும் உங்கள் தேதிக்கு இன்று காட்டும் நால்வர் விலை, சுவிஸ் டிராவல் பாஸ் இரண்டு.

தேதி உறுதியாக இருந்து மூன்று மாதம் முன்பே வாங்கினால் பெரும்பாலும் வலது பக்கம் ஜெயிக்கும். பயணத்துக்கு இரண்டு வாரமே இருக்கும்போது பார்த்தால் இடது பக்கம். காரணம், முன்பதிவு டிக்கெட் நாளாக ஆக ஏறும், பாஸ் விலை ஏறாது.

வலது பக்கத்தின் ஆபத்தையும் சொல்ல வேண்டும். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும். தனித்தனியாக வாங்கிய இரண்டு டிக்கெட்டுகளில் முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே டிக்கெட்டாக வாங்கியிருந்தால்தான் பாதுகாப்பு. இத்தாலியில் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும், வார நாள்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களில் உத்தரவாதச் சேவை ஓடும். பாஸ் கையில் இருந்தால் அந்த நேரத்து ரயிலுக்கு எளிதில் மாறலாம்.

24 பிப்ரவரி 2025

விசா. விசா வரும் முன் பாஸ் வாங்குவதானால் திரும்பத் தரக்கூடிய வகையா என்று பாருங்கள், தள்ளுபடிக் கால பாஸ்களில் அந்த வசதி இல்லாமல் இருக்கலாம். உங்கள் பாதை முழுக்க ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது, எனவே ஒரு நுழைவு விசாவே போதும்.

இதைப் படித்துவிட்டு லண்டனைச் சேர்க்க நினைப்பவர்கள் நில்லுங்கள். பாஸ் பிரிட்டனில் செல்லும். விசா வேறு. யூரோஸ்டாரில் லண்டன் போய்த் திரும்பினால் பிரிட்டன் விசாவும், ஷெங்கனுக்குள் மீண்டும் நுழையப் பல நுழைவு விசாவும் வேண்டும். பாஸ் காரணமாக ரயிலில் ஏறலாம், விசா காரணமாகத் திரும்ப முடியாது. குரோஷியா 2023 ஜனவரியிலிருந்தும், ருமேனியா, பல்கேரியா தரை எல்லைகள் 2025 ஜனவரியிலிருந்தும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. செர்பியா, போஸ்னியா வெளியேதான்.

ஷெங்கனுக்குள்ளும் ரயிலில் சோதனை நடக்கும், ஜெர்மனி எல்லையில் குறிப்பாக. பிராக் – பெர்லின் ரயிலில் பாஸ்போர்ட்டுகளைப் பெட்டிக்குள் பூட்டி மேலே வைக்காதீர்கள். பாஸ் பரிசோதகரும் பாஸ்போர்ட்டைக் கேட்பார்.

2 மார்ச் 2025 (கோயம்புத்தூரிலிருந்து)

தாள் போட்டுப் பார்த்தோம் சார். வலது பக்கம்தான் குறைவு. ஆனால் பாரிஸ் – சூரிச் நேர் ரயில் எங்கள் தேதியில் விலை கூடிவிட்டது.

2 மார்ச் 2025

அந்த ஒன்றுக்காகப் பாஸுக்கு மாற வேண்டாம். பாரிஸ் – ஸ்ட்ராஸ்பூர்க், ஸ்ட்ராஸ்பூர்க் – பாசெல் என்று உடைத்துத் தேடுங்கள். பாசெலிலிருந்து சுவிஸ் டிராவல் பாஸ் தொடங்கட்டும். ஒரு நாள் கூடினால் 4 நாளுக்குப் பதில் 6 நாள் எடுப்பதற்கு முன், பாசெல் – சூரிச் தனி டிக்கெட்டை சுவிஸ் ரயில்வே தளத்தில் மலிவு வகையில் பாருங்கள். பாசெலில் இரண்டு பெரிய நிலையங்கள்: பிரான்ஸ் ரயில் வருவது எஸ்பிபி நிலையத்துக்கு, சூரிச் ரயிலும் அங்கேயே. பாடிஷர் நிலையம் ஜெர்மன் ரயில்களுக்கு. தேடும்போது எஸ்பிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

16 அக்டோபர் 2025

பழைய இழை, ஆனால் புதியவர்கள் படிப்பதால் ஒரு சேர்ப்பு. 12 அக்டோபர் முதல் ஷெங்கன் வெளி எல்லைகளில் நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை படிப்படியாகத் தொடங்கியிருக்கிறது. விமானத்தில் பாரிஸில் இறங்குபவர்களுக்குப் பதிவு அங்கேயே முடியும், அதன் பிறகு சூரிச்சுக்கோ வியன்னாவுக்கோ ரயிலில் போக இது குறுக்கே வராது. விசா பெற்றவர்களின் கைரேகை விசாவின்போதே எடுக்கப்பட்டிருக்கும், எல்லையில் முகப்படம் எடுப்பார்கள். லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் வருபவர்களுக்கு இந்தச் சோதனை செயின்ட் பாங்க்ரஸில், ரயில் ஏறும் முன்பே. அங்கே வழக்கத்தை விட முன்கூட்டி வாருங்கள்.

24 பிப்ரவரி குறிப்பில் இருக்கும் மற்ற விசா விவரங்கள் அப்படியே பொருந்தும்.